அசல் பார்த்தது

தமிழில் விமர்சனம் எழுதுகிறவனிடம் யாரும் ஆதாரம் கேட்பதில்லை. அபிப்பிராயம் கேட்கிறார்கள், சொன்னதும் சண்டைக்கு வருகிறார்கள். எந்த இதழில் படித்தாய், எந்தப் பக்கம் என்று மட்டும் கேட்பதில்லை. க.நா.சு. ஓரிடத்தில் சொன்னதுபோல, என்று தொடங்கும் வாக்கியங்களை நம் பக்கங்களில் எத்தனையோ முறை பார்த்திருக்கிறேன். அந்த ஓரிடம் எந்த இடம் என்பது எழுதியவருக்கே தெரியுமா என்று சந்தேகம் வரும். இதில் அயோக்கியத்தனம் ஒன்றும் இல்லை. சிறுபத்திரிகை என்பது ஒரு சின்ன வட்டம். அதில் எல்லோரும் எல்லாவற்றையும் படித்தவர்கள் என்ற பாவனையிலேயே பேச்சு நடந்தது. ஒரு வீட்டுக்குள் பேசிக்கொள்ளும்போது பாட்டி யார் என்று விளக்க வேண்டியதில்லை. ஆனால் வீடு கலைந்து, பாட்டியை நேரில் பார்த்தவர்கள் இரண்டு மூன்று பேராகக் குறைந்துவிட்ட பிறகும் அதே பாவனையில் பேசிக்கொண்டிருப்பது வேறு விஷயம். இப்போது அதைத்தான் செய்துகொண்டிருக்கிறோம்.

இதை நினைக்க வைத்தது எந்த விமர்சனக் கோட்பாடும் அல்ல. ஸோட்டெரோ என்ற கம்ப்யூட்டர் நிரல். அமெரிக்காவில் வர்ஜீனியா மாநிலத்தின் ஜார்ஜ் மேஸன் பல்கலைக்கழகத்தில் சரித்திரக்காரர்கள் சிலர் சேர்ந்து செய்து 2006ல் வெளியிட்டது. பெயர் அல்பேனிய மொழியிலிருந்து எடுத்தது. ஒன்றை முழுக்கத் தன்வசமாக்கிக்கொள்வது என்று பொருள்படும் வினைச்சொல். ஆராய்ச்சி செய்கிறவன் தான் படித்த புத்தகம், கட்டுரை ஒவ்வொன்றுக்கும் ஆசிரியர், தலைப்பு, பத்திரிகை, தொகுதி, இதழ் எண், பக்கம், ஆண்டு என்று கட்டம் கட்டமாக நிரப்பி வைக்கிறான். பிறகு எழுதும்போது வேண்டிய இடத்தில் ஒரு பொத்தானை அழுத்தினால் அடிக்குறிப்பு தானே வந்து உட்கார்ந்துகொள்கிறது; கட்டுரை முடிவில் நூற்பட்டியலும் தானே அமைகிறது. பத்திரிகைக்குப் பத்திரிகை அடிக்குறிப்பின் தோரணை மாறும். அதற்கென்று எழுதி வைத்திருக்கும் விதித்தொகுப்புகள் பத்தாயிரத்துக்கும் மேல். முற்றுப்புள்ளி எங்கே, ஆண்டு அடைப்புக்குள்ளா வெளியிலா என்பதில் மேற்கத்திய அறிவுலகத்துக்கு இவ்வளவு கருத்து வேற்றுமை இருக்கிறது என்பது தெரிந்தபோது எனக்குக் கொஞ்சம் ஆறுதலாகக்கூட இருந்தது.

இது முதல் சாதனம் அல்ல. கணித நூல்களை அச்சுக்கோக்க டொனால்ட் க்னூத் உண்டாக்கிய டெக் என்ற நிரலுக்குத் துணையாக ஓரன் படாஷ்னிக் 1985ல் பிப்டெக்கைச் செய்தார். 1988ல் எண்ட்நோட் வந்தது, அது விலைக்கு. மெண்டலே இலவசமாகத் தொடங்கி, 2013ல் எல்ஸெவியர் என்ற பெரிய பதிப்பகத்தின் கைக்குப் போயிற்று. யார் எதைப் படிக்கிறார்கள், எதை மேற்கோள் காட்டுகிறார்கள் என்ற விவரம் விற்பனைக்குரிய சரக்கு என்பதை இந்த வியாபாரம் காட்டுகிறது. ஸோட்டெரோ லாபத்துக்கு நடப்பதில்லை. அதன் நிரலை யார் வேண்டுமானாலும் திறந்து பார்க்கலாம். மாதச் சம்பளத்தில் பத்திரிகைச் சந்தாவே பெரிய செலவாகிவிட்ட எனக்கு இந்தக் கடைசிக் காரணம் போதுமானதாக இருந்தது.

வேளாங்கண்ணியில் வங்கிக் குமாஸ்தாவாக இருப்பவனுக்கு இது எதற்கு என்று நண்பர்கள் கேட்டார்கள். நியாயமான கேள்வி. அடிக்குறிப்பு போட வேண்டிய எதையும் நான் எழுதுவதில்லை. என்னிடம் வந்து சேர்ந்தது ஒரு பெட்டி நிறைய அட்டைகள். அதைப் பற்றிச் சொல்வதற்கு முன் கட்டங்களைப் பற்றிச் சொல்லிவிட வேண்டும். தொல்லை அங்கேதான் ஆரம்பிக்கிறது.

ஆசிரியர் என்ற இடத்தில் இரண்டு கட்டங்கள்: குடும்பப் பெயர், சொந்தப் பெயர். நமக்குக் குடும்பப் பெயர் கிடையாது. வலங்கைமானில் 1912ல் பிறந்த கந்தாடை நாராயணசாமி சுப்ரமண்யத்துக்குக் கந்தாடை குடும்பத்தோடு வந்தது, நாராயணசாமி தகப்பனார், சுப்ரமண்யம் அவர். இயந்திரத்துக்குக் கடைசியில் நிற்பதுதான் குடும்பம். ஆகவே அவருடைய சொந்தப் பெயரையே அவருடைய வம்சமாக்கி, தகப்பனாரைச் செல்லப் பெயராக்கிவிடுகிறது. இதற்கு ஒரு பரிகாரம் உண்டு. பக்கத்திலிருக்கும் சின்னக் குறியை அழுத்தினால் இரண்டு கட்டமும் ஒன்றாகிவிடும். பெயரை உடைக்காமல் முழுசாக எழுதலாம். பிப்டெக்கிலும் இரட்டை அடைப்புக்குறிக்குள் பெயரைப் போட்டால் அது பிரிக்காமல் விட்டுவிடும். ஸ்தாபனங்களின் பெயர்களை எழுதுவதற்காக ஏற்பட்ட வசதி இது. அதாவது, தமிழ் எழுத்தாளன் இந்த நிரலுக்குள் ஒழுங்காக நுழைய வேண்டுமானால் ஒரு கம்பெனியைப் போலவோ முனிசிபாலிட்டியைப் போலவோ நுழைய வேண்டும்.

அப்படி நுழைந்தாலும் ஒருவராக நுழைவதில்லை. க.நா. சுப்ரமண்யம் ஒருவர், க.நா.சு. இன்னொருவர், கவிதை எழுதிய மயன் மூன்றாமவர். ந. பிச்சமூர்த்தி வேறு, பிக்ஷு வேறு. தர்மு சிவராம் பெயரை எத்தனை தடவை மாற்றி, எத்தனை விதமாக எழுதினார் என்பதை இந்தப் பக்கங்களின் வாசகர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. என் பட்டியலில் அவர் ஒரு சிறு கூட்டமாகவே நிற்கிறார்.

இது எனக்குப் புதிதல்ல. கவுண்டரில் தினமும் பார்ப்பதுதான். இந்த ஊரில் ஆரோக்கியமேரிகளும் ஆரோக்கியசாமிகளும் எத்தனை பேர் என்று மாதாவுக்குத்தான் தெரியும். வங்கி நிரலும் பெயரின் முதல் பாகம், கடைசிப் பாகம் என்றே கேட்கிறது. கட்டங்களை நிரப்பினால் ஒரே மாதிரி நாலு பேர் வந்து நிற்பார்கள். அப்போது நிமிர்ந்து பார்த்து, "எந்தத் தெரு? யாரு மக நீ?" என்று கேட்டால் ஒரு நிமிஷத்தில் தெளிந்துவிடும். பெயர் என்பது நம்மிடம் ஒரு தொடர்பின் சுருக்கம், தெரிந்தவர்கள் விரித்துக்கொள்வார்கள். தெரிந்தவர்கள் யாரும் இல்லாத இடத்தில் அது வெறும் முன்னெழுத்து. சீர்காழியில் பிறந்த எஸ்.ஆர். ரங்கநாதன் 1934ல் நூற்பட்டியல் விதிகளைப் புத்தகமாக எழுதியதும், அதற்கு மூன்று வருஷம் முன்பு மன்னார்குடியை அடுத்த மேலவாசலில் மாட்டுவண்டி நூலகத்தைத் தொடங்கி வைத்ததும் ஒரே கவலையின் இரண்டு பக்கங்கள் என்று நினைக்கிறேன். வண்டியில் புத்தகம் ஊருக்குப் போய்விடும். யாருடையது, எது என்று ஊர் அறிந்துகொள்ள அட்டை வேண்டும்.

ஆண்டுக் கட்டத்திலும் தகராறு. ஜனவரி இதழ் ஜூனில் வந்திருக்கும்; அட்டையில் ஜனவரி என்றே இருக்கும். சிலவற்றில் தேதியே கிடையாது. பழைய புத்தகங்களில் பிரபவ வருஷம் என்று மட்டும் போட்டிருப்பார்கள். அது 1867 ஆகலாம், 1927 ஆகலாம், 1987ம் ஆகலாம். அறுபது வருஷத்தை வட்டமாகப் பார்த்த ஒரு சமூகத்திடம் நேர்கோட்டில் நாலு இலக்கம் கேட்கிறது நிரல். அகர வரிசை இன்னொன்று. எழுத்துகளை அவற்றின் யூனிகோட் எண்ணைப் பார்த்து மட்டும் அடுக்கும் நிரல்களில் ழகரமும் ளகரமும் வகரத்துக்கு முன்னால் வந்துவிடும். கழனி முந்திக்கொள்ளும், கவிதை பின்னால் நிற்கும். டெல்டாக்காரனுக்கு அதில் பெரிய ஆட்சேபணை இருக்கக் கூடாதுதான்.

இவை எல்லாம் தீர்க்கக்கூடிய தொல்லைகள். தீராத ஒன்று அட்டைகளோடு வந்தது.

வேதாரண்யம் பக்கத்தில் ஒரு கிராமத்தில் ஓய்வுபெற்ற தமிழாசிரியர் ஒருவர் இருக்கிறார். பெயர் சொல்வதை விரும்பமாட்டார். எழுதியவர் அல்ல, படித்தவர். நாற்பது வருஷமாகச் சிறுபத்திரிகைகளைத் தபாலில் வரவழைத்துப் படித்து, பரணில் அடுக்கி வைத்திருந்தார். படித்த ஒவ்வொரு கட்டுரைக்கும் ஓர் அட்டை. பழைய கல்யாணப் பத்திரிகைகளை நாலாக வெட்டி, எழுத்தில்லாத பக்கத்தில் எழுதுவார்: ஆசிரியர், தலைப்பு, பத்திரிகை, இதழ் எண், பக்கம். அடியில் ஒரு வரி அபிப்பிராயம். இந்த ஒரு வரிகள் சில பேருடைய முழுப் புத்தகங்களைவிட எனக்கு முக்கியமாகப் படுகின்றன. ஓர் அட்டையில், "தப்பான கட்டுரை. கவனமாகப் படிக்க வேண்டியது" என்று இருக்கிறது. இன்னொன்றில், "கோபம் நியாயம். காரணம் நியாயமில்லை."

2018 நவம்பர் 16ம் தேதி விடிவதற்குள் கஜா புயல் அந்தப் பக்கத்தில்தான் கரையேறியது. தென்னந்தோப்புகள் படுத்துவிட்டன, அவர் வீட்டு ஓட்டுக் கூரையும் போயிற்று. பரணில் இருந்த பத்திரிகைகள் மழையில் ஊறி, வெயில் வந்தபோது ஒட்டிக் கட்டியாகிவிட்டன. பிரித்தால் கூழ். மலிவான நியூஸ்பிரிண்ட்தானே, அப்படித்தான் ஆகும். அட்டைப்பெட்டி மட்டும் பீரோவில் நிலப் பத்திரங்களோடு இருந்ததால் தப்பித்தது. அறுநூறு சொச்சம் அட்டைகள். இரண்டு வருஷம் கழித்து, கண்பார்வை குறைந்த பிறகு, என்னிடம் கொடுத்தார்.

நான் பி.ஏ. ஆங்கிலம் படித்தவன். ஐ.ஏ. ரிச்சர்ட்ஸ் கேம்பிரிட்ஜில் மாணவர்களுக்குப் பெயர் போடாத கவிதைகளைக் கொடுத்து அபிப்பிராயம் எழுதச் சொல்லி, 1929ல் அந்தச் சோதனையைப் புத்தகமாக்கிய கதையை வகுப்பில் கேட்டபோது அது விமர்சனத்தின் சத்திய சோதனையாகவே பட்டது. பெயர், காலம், கீர்த்தி எல்லாம் இடைஞ்சல். எழுத்து மட்டும் போதும் என்ற அந்த நம்பிக்கையில்தான் நம்மில் பலர் வளர்ந்தோம். அடிக்குறிப்பு பேராசிரியர்களின் வேலை என்ற இளக்காரமும் அதிலிருந்து வந்ததுதான். ரிச்சர்ட்ஸ் பெயரை எடுத்துவிட்டுக் கவிதையைக் கொடுத்தார். கஜா கவிதையை எடுத்துக்கொண்டு பெயரைக் கொடுத்தது. இதை வைத்துக்கொண்டு என்ன செய்ய வேண்டும் என்று யாரும் எனக்குச் சொல்லித் தரவில்லை.

ஆகஸ்டு 29ல் கொடியேறிச் செப்டம்பர் எட்டாம் தேதித் திருவிழா முடியும்வரை இந்த ஊரில் மூச்சுவிட இடமிருக்காது. கூட்டம் கலைந்ததும் ஒரு வெறுமை வரும். லாட்ஜ்களெல்லாம் காலியாகி, இரவில் கடல் சத்தம் அறைக்குள் கேட்கும். அந்த இரவுகளில் அட்டைகளை ஒவ்வொன்றாக ஏற்ற ஆரம்பித்தேன். எழுத்து, கசடதபற போன்றவற்றில் வந்தவை பிரச்னையில்லை. 1959லிருந்து 1970 வரை வந்த எழுத்து 119 இதழ்களும் யாரிடமாவது இருக்கும். சென்னையில் ரோஜா முத்தையா நூலகம் இருக்கிறது. கோட்டையூரில் ஒரு தனிமனிதர் வீட்டில் சேர்த்தது 1994லிருந்து நூலகமாகியிருக்கிறது. இணையத்தில் ஸ்கேன் செய்து போட்டவையும் உண்டு. லீவு போட்டுப் போய்ப் பார்த்தும், நண்பர்களைக் கேட்டும், பாதிக்கு மேல் சரிபார்த்துவிட்டேன். அட்டையிலிருந்த பக்க எண்கள் ஏறக்குறைய எல்லாம் சரியாக இருந்தன. மிச்சம் இருப்பவை, ஏதோ ஒரு டவுனிலிருந்து நாலைந்து இதழ் வந்து நின்றுபோன பத்திரிகைகளில் வந்தவை. எங்கும் கிடைக்கவில்லை. இவற்றையும் ஏற்றலாம் என்று ஆசிரியரிடம் சொன்னேன். அவர் கூடாது என்றார்.

"இதெல்லாம் என் ஞாபகத்துக்கு எழுதுனது தம்பி. இத நம்பி நாளைக்கு ஒருத்தன் எழுதுனா, அவன் என்னையப் படிச்சவனே தவிர அந்தக் கட்டுரையப் படிச்சவன் இல்ல."

"அப்படி ஒண்ணு வந்துச்சுங்கறதாவது தெரியட்டுமே சார்."

"வந்துச்சுன்னு நான் சொல்றேன். நான் யாரு?"

இந்தக் கேள்விக்கு எனக்கு உடனே பதில் வரவில்லை. நிரலிலும் இல்லை. இணையப் பக்கமானால் எந்தத் தேதியில் பார்த்தாய் என்று எழுத ஸோட்டெரோவில் ஒரு கட்டம் உண்டு. இணையப் பக்கம் மாறும், மறையும் என்று அதற்குத் தெரியும். அச்சான பத்திரிகையை யார் பார்த்தார்கள், எந்தப் பிரதியைப் பார்த்தார்கள் என்பதற்குத் தனிக் கட்டம் கிடையாது. அச்சானது எங்காவது இருக்கும் என்ற நிச்சயம் அதைச் செய்தவர்களுக்கு இருக்கிறது. நல்ல கூரை உள்ள நாட்டில் உண்டான நிச்சயம் அது.

நம்முடைய அனுபவம் நேர்மாறானது. இங்கிருந்து வடக்கே அதே கடற்கரையில் தரங்கம்பாடி. 1706ல் அங்கே வந்திறங்கிய ஸீகன்பால்க், தன்னிடம் சேர்ந்த தமிழ்ச் சுவடிகளுக்கு 1708ல் ஜெர்மன் மொழியில் ஒரு பட்டியல் எழுதினார். வெறும் பெயர்ப் பட்டியலல்ல. நூல் எதைப் பற்றியது, தன் அபிப்பிராயம் என்ன என்றும் எழுதினார். மதம் மாற்ற வந்த மனுஷர். அபிப்பிராயங்களில் அது தெரியும். அவருடைய சுவடிகள் பெரும்பாலும் சிதறிப் போயின. பட்டியல் நிற்கிறது. முந்நூறு வருஷத்துக்கு முன் இந்தக் கரையில் என்ன படித்தார்கள் என்று கேட்டால் அதைத்தான் புரட்ட வேண்டியிருக்கிறது.

கும்பகோணத்தில் உ.வே. சாமிநாதையர் சிந்தாமணியைப் பதிப்பித்துக்கொண்டிருந்தபோது அவருக்கு வழி மறித்ததும் வழி காட்டியதும் நச்சினார்க்கினியர் உரைதான். உரைகாரர் அடிகளை எடுத்துக் காட்டுவார். எந்த நூல் என்று பெரும்பாலும் சொல்லமாட்டார். பிறரும் சொன்னார்கள் என்று முடித்துவிடுவார். அவருடைய காலத்து மாணவனுக்குத் தெரியும், சொல்ல வேண்டியதில்லை. நாம் பாட்டியை விளக்காமல் விட்டதுபோல. ஐயர் அந்த அனாதை வரிகள் எங்கிருந்து வந்தன என்று தேடிப் போனபோதுதான் சங்க நூல்கள் ஒவ்வொன்றாக அகப்பட்டன. சிந்தாமணி 1887ல் வந்தது. ஆனால் எல்லா வரிக்கும் வீடு கிடைக்கவில்லை. வீடு இடிந்துபோய் வரி மட்டும் நின்றவற்றையும், வரிகூட இல்லாமல் பெயர் மட்டும் நின்றவற்றையும் சேர்த்துத்தான் மயிலை சீனி. வேங்கடசாமி மறைந்துபோன தமிழ் நூல்கள் என்ற புத்தகத்தை எழுதினார். கையில் ஒரு நூலும் இல்லாமல் எழுதப்பட்ட நூற்பட்டியல் அது. உரைகாரர்களை அவர், "நீ யார்?" என்று கேட்டு ஒதுக்கியிருந்தால் அந்தப் பெயர்களும் போயிருக்கும். அதே சமயம், இந்தச் செய்தி இந்த உரையில் இருக்கிறது என்று சொல்லிவிட்டுத்தான் எழுதினார். தான் பார்த்ததுபோல எழுதவில்லை.

இதில்தான் எனக்குப் பதில் இருந்தது. விசித்திரம், அதை நான் தினமும் வேலையில் செய்துகொண்டிருக்கிறேன். கணக்குத் தொடங்க வருகிறவர் ஆதார் நகலைக் கொடுத்தால், அசலை வாங்கிப் பார்த்து, அசல் பார்த்துச் சரிபார்க்கப்பட்டது என்று முத்திரை குத்திக் கையெழுத்துப் போடுவோம். அந்த முத்திரை, நகல் உண்மை என்று சொல்லவில்லை. இன்னார், இந்தத் தேதியில், கண்ணால் பார்த்தார் என்று மட்டும் சொல்கிறது. பின்னால் தகராறு வந்தால் கையெழுத்துப் போட்டவனைக் கேட்கலாம். அறிவுலகத்தில் ஆதாரம் என்பதும் இதற்கு மேல் ஒன்றுமில்லை.

ஆகவே பட்டியலில் மூன்று குறிகள் வைத்திருக்கிறேன். அசல் பார்த்தது. நகல் பார்த்தது. அட்டை மட்டும். மூன்றாவது குறி உள்ள ஒவ்வொன்றிலும், அட்டை எண், அது எழுதப்பட்டது இன்ன காலத்தில் என்ற ஊகம், மூலம் 2018ல் அழிந்தது என்ற விவரம் எல்லாம் குறிப்பாகச் சேர்த்திருக்கிறேன். அதை எடுத்துக் கையாளுகிறவன், அட்டையில் கண்டது என்று சொல்லித்தான் கையாள வேண்டும். ஆசிரியரிடம் படித்துக் காட்டினேன். "சரி" என்றார். பிறகு, "அந்த ஒரு வரிகள எடுத்துடுங்க" என்றார். படித்துப் பார்க்க மூலம் இல்லாதபோது அபிப்பிராயத்தை மட்டும் நிற்க வைப்பது நியாயமில்லை. எதிராளி பதில் சொல்ல முடியாது என்பது அவருடைய வாதம்.

இங்கே நான் அவரோடு உடன்படவில்லை. இன்றுவரை இது தீராமல் இருக்கிறது. க.நா.சு. போட்ட பட்டியல்களைப் பலர் பழித்தார்கள். காரணம் சொல்லாமல் பெயரை அடுக்குகிறார், இது விமர்சனமா என்றார்கள். நூற்பட்டியல் நிரல் அதற்கு எதிர்ப்பக்கம்: எல்லா விவரமும் உண்டு, எது நல்லது என்ற பேச்சே கிடையாது. பெரிய கட்டுரையும் உதவாக்கரையும் அதற்கு ஒரே மாதிரிக் கட்டங்கள். இரண்டுக்கும் நடுவில், எங்கே இருக்கிறது என்பதையும் எப்படி இருந்தது என்பதையும் ஒரே துண்டுக் காகிதத்தில் எழுதிய ஒரு மனுஷரை நான் பார்த்திருக்கிறேன். தமிழில் விமர்சனம் என்று ஒன்று நடந்ததற்கு, எழுதியவர்களைவிட இப்படிப் படித்தவர்கள்தான் சாட்சி. பத்தாயிரம் விதித்தொகுப்புகளில் அந்த ஒரு வரிக்கு இடமில்லை என்பதற்காக அதை எடுத்துவிட எனக்கு மனம் வரவில்லை. அவர் சொல்லுக்குக் கட்டுப்பட்டு வெளியே காட்டும் பட்டியலில் சேர்க்கவில்லை. என் கையிலிருக்கும் பிரதியில் இருக்கின்றன.

பத்து வருஷம் யாரும் தொடாத வைப்புத்தொகையை வங்கிகள் ரிசர்வ் வங்கியின் நிதி ஒன்றுக்கு அனுப்பிவிடுகின்றன, 2014லிருந்து இப்படி. ஆனால் கணக்கு செத்துப்போவதில்லை. உரியவரோ வாரிசோ அத்தாட்சியோடு வந்தால் கொடுத்தாக வேண்டும். அட்டை மட்டும் என்று குறித்தவற்றையும் அப்படித்தான் வைத்திருக்கிறேன். இந்தப் பத்திரிகையைப் படிக்கிறவர்கள் வீட்டில் பரண் இருக்கும். தூசி தட்டும்போது, நின்றுபோன ஏதாவது ஒரு பத்திரிகையின் ஓர் இதழ் அகப்பட்டால், பக்க எண்ணைப் பாருங்கள், யார் எழுதியது என்று பாருங்கள், எழுதி வையுங்கள். நீங்கள் பார்த்தீர்கள் என்றும் எழுதுங்கள். அது இல்லாவிட்டால் மற்றதெல்லாம் ஓரிடத்தில் சொன்னதுபோலத்தான்.